நம்ம ஆள் வந்தால் மட்டும் கேள்வி இல்லை

2017 ஜனவரி 23ஆம் தேதி மொரீஷியஸில் பிரதமர் மாறினார். தேர்தல் எதுவும் நடக்கவில்லை. 86 வயதான அனிருத் ஜக்நாத் பதவி விலகினார், அன்றைக்கே அவர் மகன் பிரவிந்த் பிரதமராகப் பதவியேற்றார். அப்பா ஓய்வெடுக்கவும் போகவில்லை. ‘வழிகாட்டி அமைச்சர்’ என்ற பெயரில் மகனுடைய அமைச்சரவையிலேயே அமர்ந்தார். ஊர் கொதித்தது. வாசல் வழியாக வராமல் கதவுக்கு மேலே இருக்கும் காற்றுச் சன்னல் வழியாக உள்ளே இறங்கிய பிரதமர் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் பெயர் வைத்தார்கள். அடுத்த தேர்தல் வரும்வரை அந்தப் பெயர் அவரை விடவில்லை.

அதே நாள் சென்னை மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியிருந்த பிள்ளைகளைப் போலீஸ் விரட்டிக்கொண்டிருந்தது. மொரீஷியஸில், ரோஸ் ஹில் நகரில் இருக்கும் எங்கள் வீட்டில் இரண்டு ஊர்ச் செய்திகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றே வாரத்தில், பிப்ரவரி 16ஆம் தேதி, தமிழ்நாட்டிலும் முதல்வர் மாறினார். 2016 மே மாதம் ஜெயலலிதாவை நினைத்து ஓட்டுப் போட்டவர்களுக்கு, அவர் மறைந்து, பன்னீர்செல்வம் வந்து போய், எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் விடுதியில் அடைந்து கிடந்து, கடைசியில் எடப்பாடி பழனிசாமி முதல்வராகக் கிடைத்தார். இரண்டு நாள் கழித்துச் சட்டமன்றத்தில் 122 பேர் ஆதரவோடு நம்பிக்கை வாக்கெடுப்பிலும் ஜெயித்தார்.

என் பெரிய அண்ணன் ஜக்நாத்துகளுக்கு எதிரணியான தொழிற்கட்சியில் தீவிரமானவர். எம்.ஜி.ஆர். படம் பார்த்து வளர்ந்தவர், அதனால் அங்கே இரட்டை இலை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் பிரவிந்த் பேச்சு எடுத்தாலே அவருக்குக் குரல் ஏறும். “மக்களைக் கேட்காமல் அப்பன் மகனுக்கு நாட்டை எழுதிக் கொடுக்கிறதுக்கு இது என்ன அவங்க கரும்புத் தோட்டமா?” என்பார். எடப்பாடியைப் பற்றிக் கேட்டபோது மட்டும் நிதானமாகிவிட்டார். “பெரும்பான்மை இருக்குன்னு சபையிலேயே நிரூபிச்சாச்சு. அப்புறம் என்ன?” அண்ணி குழம்பை ஊற்றிக்கொண்டே, “பிரவிந்துக்கும் சபையில பெரும்பான்மை இருக்குதுங்களே” என்றார். அண்ணன் அதற்குப் பதில் சொல்லவில்லை. அப்பளம் எங்கே என்று கேட்டார்.

அண்ணனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாடுகளும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன, பெரிய நாடுகள் இன்னும் மோசமாக. ஒரு தலைவர் முறையாக வந்தவரா என்ற கேள்வியை நமக்குப் பிடிக்காதவரிடம் மட்டும் கேட்கிறோம். பிடித்தவர் வந்தால் ‘சட்டப்படி சரிதானே’ என்கிறோம். பிடிக்காதவர் வந்தால் ‘சட்டம் கிடக்கட்டும், மக்கள் என்ன சொன்னார்கள்’ என்கிறோம். இந்த இரண்டு வாக்கியமும் ஒரே வாயிலிருந்து, ஒரே வாரத்தில் வருவதை நான் கேட்டிருக்கிறேன்.

பிரவிந்த் பதவியேற்பதற்கு ஆறு மாதம் முன்னால், 2016 ஜூலையில், பிரிட்டனில் கேமரன் விலகி தெரசா மே வந்தார். பொதுத்தேர்தல் இல்லை. 2019 ஜூலையில் போரிஸ் ஜான்சனும் அப்படித்தான் வந்தார். மேயும் ஜான்சனும் பிறகு தேர்தல் நடத்தினார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2022 செப்டம்பரில் வந்த லிஸ் ட்ரஸ்ஸைத் தேர்ந்தெடுத்தது அவருடைய கட்சி உறுப்பினர்கள் 81,326 பேர். எங்கள் தீவின் இரண்டு பெரிய தொகுதிகளைச் சேர்த்தாலே அதைவிட அதிகம் பேர் ஓட்டுப் போடுவார்கள். அவர் போய் ரிஷி சுனக் வந்தபோது கட்சி உறுப்பினர்களிடம்கூட ஓட்டுக் கேட்கவில்லை, போட்டியில் வேறு யாரும் மிஞ்சவில்லை. சுனக் வந்த அன்று எங்கள் பக்கத்தில் எத்தனை வீடுகளில் பெருமைப்பட்டார்கள்! இந்திய வம்சாவளி, தீபாவளி அன்று வந்த செய்தி வேறு. அவரை யாரும் காற்றுச் சன்னல் பிரதமர் என்று சொல்லவில்லை.

சட்டத்தை எடுத்துக்கொண்டால் லண்டனுக்கும் எங்கள் தலைநகர் போர்ட் லூயிஸுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. எங்கள் அரசியல் சாசனத்தின் 59ஆம் பிரிவு, சபையில் பெரும்பான்மையினர் ஆதரவு யாருக்கு இருப்பதாகத் தெரிகிறதோ அவரைக் குடியரசுத் தலைவர் பிரதமராக நியமிக்க வேண்டும் என்கிறது. அதை எழுதிக் கொடுத்ததே லண்டன்தான். ஆக, 2017 சட்டப்படி சரி. அப்படியானால் என் அண்ணனுக்கு வந்த கோபம் நியாயமில்லையா? நியாயம்தான். அந்தக் கோபத்துக்கு ஒரு விதி வேண்டும், அந்த விதி எல்லார் மேலும் பாய வேண்டும். என் குறை அவ்வளவுதான்.

விதியை எங்கே தேடுவது என்று யோசித்தபோது எனக்கு 2003 நினைவுக்கு வந்தது. 2000 செப்டம்பர் தேர்தலில் அனிருத் ஜக்நாத்தின் எம்.எஸ்.எம். கட்சியும் போல் பெராஞ்சேயின் எம்.எம்.எம். கட்சியும் கூட்டு வைத்தன. முதல் மூன்று வருடம் ஜக்நாத், பிறகு இரண்டு வருடம் பெராஞ்சே என்று ஒப்பந்தம். இதை ஒளித்து வைக்கவில்லை. மேடைக்கு மேடை சொன்னார்கள். அதைத் தெரிந்துகொண்டே மக்கள் ஓட்டுப் போட்டார்கள், 62 இடத்தில் 54 கொடுத்தார்கள். சொன்னபடியே 2003 செப்டம்பர் கடைசியில் பெராஞ்சே பிரதமரானார்.

பதவிக் காலத்தின் நடுவில், தேர்தல் இல்லாமல் நடந்த கைமாற்றம்தான் அதுவும். ஆனால் 2000இல் ஓட்டுப் போடும்போதே வாக்காளருக்குத் தெரியும். 2014 டிசம்பரில் தெரியாது, அப்போது சுவரொட்டியில் இருந்த முகம் அப்பாவுடையது. எனக்குத் தோன்றும் முதல் விதி இதுதான்: ஓட்டுப் போடுகிறவருக்கு முன்கூட்டியே சொன்னீர்களா? இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் பெராஞ்சே தேறுகிறார், பிரவிந்த் தேறவில்லை. தெரசா மேயும் ட்ரஸ்ஸும் சுனக்கும் தேறவில்லை. எடப்பாடியும் தேறவில்லை. பிடித்தவர் பிடிக்காதவர் என்று பார்க்காமல் எல்லாரையும் ஒரே பக்கம் நிறுத்துகிறது.

ஆனால் அந்தக் காலத்தில் நடந்தது என்ன? முறையாகச் சொல்லிவிட்டு வந்த பெராஞ்சேயைத்தான் பலர் ஏற்றுக்கொள்ள மறுத்தார்கள். அவர் வெள்ளைக்காரர், இந்து அல்லாதவர் என்பதுதான் காரணம். பேருந்து நிறுத்தத்திலும் சந்தையிலும் கல்யாண வீட்டிலும் அந்தப் பேச்சை நான் காதால் கேட்டேன். “கப்பலில் வந்த நம்ம தாத்தாக்கள் பட்ட பாட்டுக்கு இவன்தான் பிரதமரா?” என்று கேட்டவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். சுதந்திரம் வாங்கியதிலிருந்து இன்றுவரை இந்தப் பதவியில் இருந்தவர்கள் 5 பேர்: சிவசாகர் ராம்குலாம், அனிருத் ஜக்நாத், நவீன் ராம்குலாம், பெராஞ்சே, பிரவிந்த் ஜக்நாத். ஐந்து பேருக்கு மூன்றே குடும்பப் பெயர். அதில் ‘இவர் எப்படிப் பிரதமராகலாம்’ என்று பிறப்பைக் காட்டிக் கேட்கப்பட்டவர் ஒருவர்தான், அந்த ஒருவர்தான் கைமாற்றத்தை முன்னாலேயே மக்களிடம் சொல்லிவிட்டு வந்தவர். 2005 ஜூலையில் அவர் தோற்றார். தோற்றதும் சத்தமில்லாமல் இறங்கிப் போனார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, அவர் கட்சிக்கு நான் ஒருநாளும் ஓட்டுப் போட்டதில்லை என்றாலும்.

வாரிசு என்பதாலேயே ஒருவரை ஒதுக்கிவிட வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. நவீன் ராம்குலாமும் மகன்தான். அவர் அப்பா 1985இல் இறந்தார், இவர் பிரதமரானது 1995இல். நடுவில் கட்சியைக் கையில் எடுத்து, எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து, தேர்தலில் ஜெயித்து வந்தார். அப்புறம் 2014இல் தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார், 2019இல் வேறு தொகுதியில் நின்றும் தோற்றார். மக்கள் இறக்கவும் முடிந்தது, ஏற்றவும் முடிந்தது. தமிழ்நாட்டிலும் சிங்கப்பூரிலும் அப்பா, மகன் பேச்சு வரும்போது நான் பார்ப்பது இதைத்தான். எங்கள் ஊர்ப் படித்தவர்கள் சிங்கப்பூரைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள், லீ குவான் யூவின் மகன் பிரதமரானதை ‘திறமை’ என்பார்கள். ‘வழிகாட்டி அமைச்சர்’ என்ற பதவியை அப்பா ஜக்நாத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டதும் லீ குவான் யூதான். அங்கே ஞானம், இங்கே அக்கிரமமா?

இனிக் கொஞ்சம் கணக்கு. 2019 நவம்பர் தேர்தலில் பிரவிந்தின் கூட்டணி வாங்கியது சுமார் 37 சதவீத வாக்கு. எதிர்ப்பு ஓட்டு இரண்டாகப் பிரிந்ததால் 38 தொகுதி இடங்கள் கிடைத்தன. ‘நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றவர் எப்படிப் பிரதமர்?’ என்று சுவரெல்லாம் எழுதாத குறை. 2024 நவம்பர் 10ஆம் தேதி அதே முறையில் நடந்த தேர்தலில் ராம்குலாம், பெராஞ்சே கூட்டணி 60 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கியது. இடங்கள்? பெருந்தீவின் 60க்கு 60. கால்வாசிக்கு மேல் ஓட்டு வாங்கிய ஆளுங்கட்சிக் கூட்டணிக்கு நேரடி இடம் ஒன்றுகூட இல்லை. தோற்றவர்களில் அதிக ஓட்டு வாங்கிய சிலருக்குச் சமூகச் சமநிலைக்காகக் கூடுதல் இடம் கொடுக்கும் ‘சிறந்த தோற்றவர்’ முறையில் இரண்டு பேர் உள்ளே போனார்கள். அன்றைக்கு விகிதாசாரம் பற்றி யாரும் பேசவில்லை. தெருவில் பட்டாசு. எனக்கும் அந்த முடிவில் மகிழ்ச்சிதான். தேர்தலுக்குச் சில நாள் முன்னால், ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சுகள் வெளியானதும் சமூக வலைத்தளங்களையே முடக்கப் பார்த்த அரசு போனதில் யாருக்குத்தான் மகிழ்ச்சி இருக்காது? ஆனாலும் 37ஐ வைத்து 38 வாங்கியது அநியாயமென்றால், 60ஐ வைத்து எல்லாவற்றையும் வாங்கியதும் பேச வேண்டிய விஷயம்தான். 1982இலும் 1995இலும் இதே 60க்குப் பூஜ்யம் நடந்திருக்கிறது.

வெளியே பார்த்தாலும் இதே கணக்குத்தான். 2014இல் இந்தியாவில் பா.ஜ.க. 31 சதவீத வாக்கில் 282 இடம் பிடித்தது. 2024 ஜூலையில் ஸ்டார்மரின் கட்சி 34 சதவீதத்தைத் தொடாமலே 650இல் 411 பிடித்தது. அமெரிக்காவில் 2016இல் ட்ரம்ப் ஜெயித்தபோது எதிராளி அவரைவிட ஏறக்குறைய 29 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியிருந்தார். இவர்களை யாரும் சர்வாதிகாரி என்று பட்டியலில் சேர்ப்பதில்லை, சேர்க்கவும் கூடாது. விளையாட்டு விதி முன்னாலேயே எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில் 34 சதவீதத்தில் ஒருவர் ஆட்சிக்கு வந்தால் லண்டன் பத்திரிகைகள் எப்படி எழுதும் என்று எனக்குத் தெரியும். எங்களைப் பல ஆண்டுகள் ‘ஆப்பிரிக்காவின் ஒரே முழு ஜனநாயகம்’ என்று பட்டியல் போட்டுத் தட்டிக்கொடுத்தவர்கள்தானே.

உள்ளூருக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் எனக்கு அதிகம் வலிப்பது இங்கேதான். ‘சாச்சா’ என்று ஊர் அழைக்கும் சிவசாகர் ராம்குலாம் தேசத் தந்தை. விமான நிலையத்துக்கு அவர் பெயர், பூங்காவுக்கு அவர் பெயர், ரூபாய் நோட்டிலும் காசிலும் அவர் முகம். அவர் செய்த நல்லதை நான் மறுக்கவில்லை. நான் இலவசமாகப் படித்தது அந்த ஆட்சியில் வந்த திட்டத்தால். ஆனால் 1972இல் நடக்க வேண்டிய பொதுத்தேர்தலை அவர் 1976வரை தள்ளிப்போட்டார். 1970 இடைத்தேர்தலில் அப்போதுதான் பிறந்திருந்த எம்.எம்.எம். கட்சி அவருடைய சொந்த வட்டாரத்திலேயே ஜெயித்துவிட்டது. 1971 கடைசியில் அவசரநிலை, தொடர்ந்து எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில், பத்திரிகைத் தணிக்கை. அந்த அமைச்சரவையில் நிதியமைச்சர் யார்? வீராசாமி ரிங்காடு. பின்னாளில் கவர்னர் ஜெனரலாகி, 1992இல் குடியரசின் முதல் தலைவரான நம் தமிழர். அவர் படம் எங்கள் சங்கத்தில் மாலையோடு தொங்குகிறது. அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து நாங்கள் ஒருமுறைகூட 1972ஐப் பேசியதில்லை.

1976 அக்டோபரில் இந்திரா காந்தி இங்கே வந்து மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தைத் திறந்துவைத்தார். தன் நாட்டில் அவசரநிலையை வைத்துக்கொண்டு, தேர்தலையும் தள்ளிவைத்துவிட்டு வந்திருந்தார். வரவேற்றவரும் தேர்தலைத் தள்ளிவைத்தவர்தான். நாங்கள் தமிழ் கற்ற இடம் அது, அதனால் அந்தத் திறப்பு விழாப் படத்தை இன்றும் நன்றியோடு பார்க்கிறேன். நன்றி வேறு, கேள்வி வேறு. இரண்டும் ஒரே மனதில் இருக்கலாம்.

நகராட்சித் தேர்தலைக் கேளுங்கள். எங்கள் ரோஸ் ஹில் உள்பட ஐந்து நகராட்சிகளுக்கும் 2015 ஜூனில் தேர்தல் நடந்தது. 2021இல் நடந்திருக்க வேண்டிய அடுத்த தேர்தல், கொரோனா என்று ஒருமுறை, அப்புறம் சட்டத்தைத் திருத்தி மறுபடி மறுபடி தள்ளிப்போய், 2025 மே 4ஆம் தேதிதான் நடந்தது. பத்து வருடம் ஒரே கவுன்சிலர்கள். ‘சர்வாதிகாரம்’ என்று கத்தியவர்களில் பலர் 1972ஐ மறந்தவர்கள். அமைதியாக இருந்தவர்களோ 1972ஐ ஒவ்வொரு மேடையிலும் நினைவூட்டியவர்கள்! தமிழர்களாகிய நாங்கள்? 1998இல் புதிய ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பழைய இடத்திலிருந்து இந்திக்குக் கீழே தள்ளியபோது தீவே அதிரக் கூடினோம், நோட்டைத் திரும்பப் பெறவும் வைத்தோம். பெருமைதான். அந்தக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட நகராட்சித் தேர்தல் எங்கே என்று கேட்கத் தெருவுக்கு வரவில்லை.

எங்கள் மக்களுக்குத் தேர்தல் முடிந்ததும் முதல் வேலை, புதிய அமைச்சரவையில் தமிழர் எத்தனை பேர் என்று எண்ணுவது. நானும் எண்ணுவேன். நாங்கள் சிறுபான்மை, இடம் கிடைக்காமல் போன வரலாறு உண்டு, அதனால் எண்ணுவதில் தவறில்லை. சிறந்த தோற்றவர் முறையில் எங்களைத் தனியாகக் கணக்கிடுவதுகூட இல்லை, இந்துக்களோடு சேர்த்துவிடுகிறார்கள். அந்தக் கணக்குக்கும் இன்னும் 1972 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ‘நம்ம ஆள் இரண்டு பேர் உள்ளே’ என்றானதும் கேள்வி எல்லாம் அடங்கிப்போகிறது. தைப்பூசக் காவடியன்று கோயில் வாசலில் பாருங்கள். வெயிலில் அலகு குத்திக்கொண்டு, காவடியைத் தோளில் சுமந்து வந்த பிள்ளைகள் தண்ணீருக்குக் காத்திருப்பார்கள். பந்தலுக்குள்ளே குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலும் மாலையும் அமைச்சருக்கு. அவர் எந்தக் கட்சி, எப்படி வந்தார், நேற்று எந்தக் கட்சியில் இருந்தார் என்பதெல்லாம் பந்தலுக்கு வெளியே. எதிர்க்கட்சிக்காரர் வந்தால், அவரும் தமிழராகவே இருந்தாலும், கடைசி வரிசை நாற்காலி.

இப்போது சாகோஸ், இந்தியப் பெருங்கடலில் இருக்கும் தீவுக்கூட்டம். என் மனதில் இந்தக் கட்டுரை தொடங்கியதே அங்கேதான்.

1965 செப்டம்பரில் லண்டனில் சுதந்திரப் பேச்சுவார்த்தை. ராம்குலாம் பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்ட் வில்சனைத் தனியாகச் சந்திக்கப் போகிறார். அதற்கு முந்தின நாள் வில்சனுடைய செயலாளர் எழுதிய குறிப்பு பிற்காலத்தில் வெளியே வந்தது. ராம்குலாமுக்கு நம்பிக்கையையும் காட்ட வேண்டும், பயத்தையும் காட்ட வேண்டும். சுதந்திரம் கிடைக்கும் என்ற நம்பிக்கை, சாகோஸைப் பிரித்துக் கொடுக்கச் சம்மதிக்காவிட்டால் கிடைக்காமல் போகலாம் என்ற பயம் என்று அதில் இருக்கிறது. அந்த நவம்பர் 8ஆம் தேதி சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிலிருந்து வெட்டி எடுத்தார்கள். இழப்பீடு 30 லட்சம் பவுண்டு. 1968 மார்ச் 12ஆம் தேதி எங்களுக்குச் சுதந்திரம். அந்த வருடத்திலிருந்து 1973வரை சாகோஸில் பிறந்து வளர்ந்த ஏறக்குறைய 1,500 பேரைக் கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்தினார்கள். மருத்துவத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ மொரீஷியஸ் வந்தவர்களைத் திரும்பிப் போக விடவில்லை. 1971இல் அந்தத் தீவுகளில் பெரியதான டியேகோ கார்சியாவைக் காலி செய்தார்கள். அங்கே அமெரிக்க ராணுவத் தளம் வந்தது. அந்த மக்கள் போர்ட் லூயிஸின் துறைமுக ஓரத்தில், காசிஸிலும் ரோஷ் புவாவிலும் தகரக் குடிசையில் ஒதுங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் ஒருத்தி எங்கள் வகுப்பில் படித்தாள். மழைக்காலத்தில் அவள் புத்தகம் எப்போதும் ஈரமாக இருக்கும், பக்கங்கள் ஒட்டிக்கொண்டு திறக்க வராது. ஆசிரியர் அதற்காக அவளைத் திட்டுவார்.

2013 மார்ச்சில் தென் அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாக்லாந்து தீவுகளில் ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. பிரிட்டனோடு இருக்கலாமா என்பது கேள்வி. 1,517 பேர் ஓட்டுப் போட்டார்கள், வேண்டாம் என்றவர்கள் 3 பேர். தீவு மக்களின் விருப்பமே இறுதியானது, அதில் பேரம் கிடையாது என்று லண்டன் உலகத்துக்கே அறிவித்தது. ரொம்பச் சரி. அந்த 1,517 பேரின் விருப்பம் புனிதமென்றால் சாகோஸின் 1,500 பேர் என்ன பாவம் செய்தார்கள்? ஒருவர் தோல் வெளுப்பு, இன்னொருவரின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் தென்னைத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் சாகோஸைப் பிரித்தது மக்களின் சுதந்திரமான, உண்மையான விருப்பத்தின் மேல் நடந்ததல்ல என்று கருத்துச் சொன்னது. மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் எங்கள் பக்கம், 6 நாடுகள் எதிராக. அந்த ஆறில் பிரிட்டனும் அமெரிக்காவும் உண்டு. உலகில் எங்கே தேர்தல் கோளாறு நடந்தாலும் முதலில் அறிக்கை விடும் இரண்டு நாடுகள்.

அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் கோபப்பட்டோம். பிறகு 2025 மே 22ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. சாகோஸ் மொரீஷியஸுக்கு, டியேகோ கார்சியா தளம் 99 வருடக் குத்தகைக்கு, வருடத்துக்குச் சராசரி 10 கோடி பவுண்டுக்கு மேல் வாடகை. எங்கள் வானொலியில் தேசிய கீதம். அன்று காலையில் லண்டன் நீதிமன்றத்தில் சாகோஸில் பிறந்த இரண்டு பெண்கள் கையெழுத்தை நிறுத்தச் சொல்லிப் போராடிக்கொண்டிருந்தார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை என்பதுதான் அவர்கள் சொன்னது. சில மணி நேரம் கையெழுத்தே நின்றது. அப்புறம் நீதிமன்றம் தடையை நீக்கியது, விழா தொடர்ந்தது.

சாகோஸ் மக்களில் மொரீஷியஸோடு சேருவதை வரவேற்கிறவர்களும் உண்டு, இங்கே அதற்காகப் பல வருடம் வழக்கு நடத்தியவர்களும் உண்டு. பிரிட்டனில் குடியேறியவர்களில் எதிர்க்கிறவர்கள் அதிகம். யார் அதிகம் என்று யாருக்கும் தெரியாது, எண்ணிப் பார்க்கவே இல்லை. 1965இல் பிரிட்டன் கேட்கவில்லை என்று நீதிமன்றம்வரை போன நாடு, 2025இல் தானும் கேட்கவில்லை. அந்த வாரம் சங்கத்தில் இதை எழுப்பினேன். “நிலம் நம்முடையது, அவங்களை எதுக்குக் கேட்கணும்?” என்றார் ஒரு பெரியவர். நல்ல மனிதர். காற்றுச் சன்னல் பிரதமரை எட்டு வருடம் மன்னிக்காதவர். நான் அவரிடம், “பெரியவரே, 1965இல் வில்சனும் இதையேதான் சொன்னார்” என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அதற்கப்புறம் இரண்டு கூட்டத்துக்கு என்னோடு பேசவில்லை, இப்போது பேசுகிறார்.

ஓட்டுப் போடுகிறவரிடம் முன்கூட்டியே சொன்னீர்களா, தேவைப்பட்டால் அவர்கள் உங்களை இறக்க முடியுமா, உங்கள் முடிவு யார் தலையில் விழுகிறதோ அவர்களைக் கேட்டீர்களா? இந்த மூன்றையும் எங்கள் தொகுதியின் மூன்று உறுப்பினர்களுக்கும் கடிதமாக எழுதி அனுப்பியிருக்கிறேன். அதோடு ஒரு கோரிக்கையும் சேர்த்தேன். தீவுகளில் யாரைக் குடியேற்றுவது என்று எங்கள் அரசு முடிவெடுக்கும் முன்னால், மொரீஷியஸ், சீஷெல்ஸ், பிரிட்டன் எங்கே இருந்தாலும் சாகோஸ் மக்களையும் அவர்கள் பிள்ளைகளையும் பெயர் பதிந்து, அவர்களிடையே ஒரு வாக்கெடுப்பு நடத்த வேண்டும். ஃபாக்லாந்தில் 1,517 பேருக்கு அச்சடித்த மாதிரி ஒரு சீட்டுப் போதும். இப்போதைய எதிர்க்கட்சிக்கும் அதே கடிதத்தின் நகல் போயிருக்கிறது. அண்ணனும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நகராட்சித் தேர்தலைப் பற்றியும் ஒரு பத்தி சேர்க்கச் சொன்னார், சேர்த்துவிட்டேன்.